ஆபரேஷன் முடிந்த அன்றே கேட்காது: காக்ளியர் கருவிக்கு முன்னும் பின்னும்

"ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் ஆச்சே, கூப்பிட்டா இன்னும் திரும்பலையே?" காது கேளாதவர்களுக்கு ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. கேட்பவர் பாட்டியாக இருக்கலாம், எதிர்வீட்டு அத்தையாக இருக்கலாம், குடியாத்தம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவராகவும் இருக்கலாம். கேட்பதில் தப்பில்லை. கண்புரை ஆபரேஷனில் கட்டு அவிழ்த்ததும் பார்வை தெரிகிறது, காதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் பத்தாம் நாளில் அந்தக் குழந்தைக்குக் கருவி வழியாக ஒன்றுமே கேட்காது. கருவி உள்ளே இருக்கிறது, இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான். ஓட ஆரம்பித்த பிறகும் பேச்சு வருவதற்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். இது தெரியாததால் சில பெற்றோர் "ஆபரேஷன் ஃபெயில்" என்று மனசு விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர், மெஷின்தான் வைத்தாயிற்றே என்று தெரபிக்கு, அதாவது கேட்டுப் பேசும் பயிற்சிக்கு, போவதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

வேலூரில் மருத்துவத் தகவலுக்குப் பஞ்சமில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. லாட்ஜ்காரர், டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோரும் இங்கே அரை டாக்டர். அதில் பாதி சரியாக இருக்கும், பாதி யாரோ யாரிடமோ கேட்டதாக இருக்கும். அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

காது கேட்பது எப்படி

சத்தம் என்பது காற்றில் வரும் அதிர்வு. காது மடல் அதை உள்ளே அனுப்புகிறது, செவிப்பறை அதிர்கிறது. அதற்குப் பின்னால் சங்கிலியாக மூன்று குட்டி எலும்புகள். கடைசி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. அந்த எலும்பு உள்காதில் இருக்கும் திரவத்தைத் தட்டுகிறது. நத்தைக் கூடு மாதிரி ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் அந்த உள்காதுப் பகுதிக்குக் காக்ளியா என்று பெயர். அதன் உள்ளே வரிசை வரிசையாக மயிர்ச்செல்கள் இருக்கின்றன. தலையில் மெல்லிய ரோமம் போன்ற இழைகள் உள்ள நுண்ணிய செல்கள் அவை. திரவம் அசையும்போது இழைகள் வளைந்து, அதிர்வு மின்துடிப்பாக மாறுகிறது. செவி நரம்பு அந்தத் துடிப்பை மூளைக்குக் கொண்டுபோகிறது. கேட்பது என்ற வேலை மூளையில்தான் நடக்கிறது.

எல்லாச் சத்தமும் காக்ளியாவில் ஒரே இடத்தைத் தொடுவதில்லை. வாசல் பக்கம் கீச்சுச் சத்தம், உள்ளே சுருளின் நுனியில் தாழ்ந்த சத்தம், நடுவில் மற்றவை என்று இடம் பிரித்துவைத்திருக்கிறது. நம் வட ஆற்காட்டுப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை ஆர்மோனியத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். துருத்தியை அழுத்தினால் காற்று வரும், ஆனால் பாட்டு வராது. எந்தக் கட்டையை அழுத்துகிறோமோ அதற்குக் கீழே உள்ள நாக்கு அதிர்ந்து அந்தச் சுரம் மட்டும் ஒலிக்கும். மயிர்ச்செல்கள் அந்த நாக்குகள். மூளைக்குத் தகவல் அனுப்புவதில் முக்கிய வேலை செய்யும் உள்வரிசை மயிர்ச்செல்கள் மட்டும் ஒரு காதில் சுமார் 3,500 இருக்கின்றன. அத்தனை கட்டைகள் உள்ள ஆர்மோனியம் அது.

மயிர்ச்செல்களில் கொஞ்சம் பழுதானால் துருத்தியைப் பலமாக அழுத்தினால் போதும். காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரண காது மெஷின் இதைத்தான் செய்கிறது, சத்தத்தைப் பெரிதாக்கி அனுப்புகிறது. நாக்குகளே போய்விட்டால்? துருத்தியை எவ்வளவு அழுத்தினாலும் காற்றுதான் வரும். மனிதரின் மயிர்ச்செல் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மருந்து, எண்ணெய், பத்தியம் எதற்கும் அது வளராது.

காக்ளியர் கருவி அந்த நாக்குகளை விட்டுவிட்டு, அவை இருந்த இடத்தில் நரம்பையே நேரடியாகத் தட்டி எழுப்புகிறது.

கருவியின் இரண்டு பாதிகள்

வெளியே ஒரு பாதி, உள்ளே ஒரு பாதி. வெளியே தெரிவது ப்ராசசர். அதில் மைக்கும், சத்தத்தை அலசிப் பிரிக்கும் சின்னக் கணினியும், பேட்டரியும் இருக்கின்றன. அதிலிருந்து ஒரு ஒயர் போய், தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயிலில் முடிகிறது. காயில் ஒட்டுவது காந்தத்தால். தோலுக்கு மேலே ஒரு காந்தம், கீழே ஒரு காந்தம்.

உள்ளே, காதுக்குப் பின்னால் தோலுக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு தட்டையான ரிசீவர். அதிலிருந்து மெல்லிய இழை ஒன்று காக்ளியாவுக்குள் போகிறது. அந்த இழையில் வரிசையாகப் பதித்த சின்ன உலோகப் புள்ளிகள்தான் எலக்ட்ரோடுகள். கம்பெனியைப் பொறுத்து 12-லிருந்து 22 வரை இருக்கும். உள்பாதியில் பேட்டரி கிடையாது. சத்தத்தின் தகவலும் அதற்கு வேண்டிய மின்சக்தியும் காயிலிலிருந்து தோலைத் தாண்டி அலையாகப் போகின்றன. அதனால் காயிலைக் கழற்றினால் அந்தக் கணமே சத்தம் நின்றுவிடும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் குழந்தை முழு அமைதியில்தான் இருக்கும்.

"குழந்தை வளர வளர உள்ளே இருப்பதை மாற்ற வேண்டாமா?" இதைக் கேட்காத தாத்தா பாட்டி இல்லை. வேண்டாம். மண்டை வளரும், ஆனால் காக்ளியா பிறக்கும்போதே பெரியவர்களுக்கு உள்ள அளவில்தான் இருக்கிறது. உள்பாதி கெட்டுப்போவது அரிது, கெட்டால் மட்டும் மறு ஆபரேஷன். வெளிப்பாதி மற்ற எலக்ட்ரானிக் சாமான்களைப் போலத் தேயும், பழுதாகும், காலப்போக்கில் மாற்ற வேண்டிவரும்.

கதை பழையதுதான். 1957-இல் பாரீசில் ஜூர்னோ, ஐரியே என்ற இருவர் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். 1961-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் ஒற்றை எலக்ட்ரோடு கருவிகளைத் தொடங்கினார். 1978-இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல எலக்ட்ரோடுகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். ஒன்றிலிருந்து பலவாக மாறியதுதான் பேச்சு புரிவதற்கு வழிவிட்டது.

சுருக்கமாக: காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும். காக்ளியர் கருவி சத்தத்தை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கும். 3,500 செல் செய்த வேலையை 12-லிருந்து 22 புள்ளிகள் மட்டும் செய்வதால், மூளை இந்தப் புதுச் சத்தத்தைப் படித்துப் பழக வேண்டியிருக்கிறது.

யாருக்கு, எந்த வயதில்

இரண்டு வகையினர் இருக்கிறார்கள். பிறவியிலேயே அல்லது பேச்சு வருமுன்பே கடுமையாகக் காது கேளாத குழந்தைகள் ஒரு வகை. நன்றாகப் பேசிப் பழகிய பிறகு கேட்கும் திறனை இழந்த பெரியவர்கள் இன்னொரு வகை. பெரியவர்களுக்கு மொழி ஏற்கெனவே மூளையில் இருக்கிறது, அவர்கள் பழக வேண்டியது புதுச் சத்தத்துக்கு மட்டும். குழந்தைக்கு மொழியே இனிமேல்தான் வர வேண்டும்.

அதனால்தான் குழந்தைக்கு வயது முக்கியம். மூளையின் கேட்கும் பகுதி முதல் மூன்று, மூன்றரை வருடங்களில் மிக வேகமாகப் பழகும். அந்தக் காலத்தில் சத்தமே வராவிட்டால், அந்த இடத்தை மூளை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். ஏழு வயதுக்கு மேல் முதல்முறையாகக் கருவி பொருத்தும் பிறவிக் குறைபாட்டுக் குழந்தைக்குச் சத்தம் தெரியலாம், ஆனால் பேச்சு தெளிவாக வருவது கடினம். பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு.

நம் வீடுகளில் தாமதம் எங்கே நடக்கிறது என்பதும் தெரிந்ததுதான். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்." இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு வருடம் போய்விடும். அடுத்தது எவர்சில்வர் தட்டுச் சோதனை. பின்னால் நின்று தட்டைத் தட்டுகிறோம், குழந்தை திரும்புகிறது, கேட்கிறது என்று முடிவு செய்கிறோம். தரை அதிர்ந்ததாலோ நிழல் அசைந்ததாலோ திரும்பியிருக்கலாம். தாழ்ந்த சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். பேச்சுக்குத் தேவை அதுவல்ல. சந்தேகம் வந்தால் அங்கன்வாடிக்குக் குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசு மருத்துவக் குழுவிடமோ, அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ அன்றே கேட்டுவிட வேண்டும்.

காரணம் தேடி யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் மரபணு வழியாக வரும் செவிக்குறைபாட்டுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. கர்ப்ப காலத்தில் ரூபெல்லா, குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, சில மருந்துகள் என்று காரணங்கள் நிறைய. ஒன்றை மட்டும் அவசரமாகப் பார்க்க வேண்டும். மூளை உறைக் காய்ச்சலால், அதாவது மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் தொற்றால், காது போயிருந்தால் காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் இழையை நுழைப்பது சிரமம். அங்கே "பார்க்கலாம்" என்று வாரங்களைத் தள்ளக் கூடாது.

ஆபரேஷனுக்கு முன்: டெஸ்ட்டுகள் எதற்கு

பெற்றோர் அலுத்துக்கொள்ளும் கட்டம் இது. "ஒரே காதுக்கு இத்தனை டெஸ்ட்டா" என்பார்கள். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில்.

ஓ.ஏ.இ. என்பது காதில் சின்ன முனையை வைத்து மயிர்ச்செல் பதில் தருகிறதா என்று பார்ப்பது. பெரா என்பது தலையில் ஒயர் ஒட்டி, சத்தத்துக்கு நரம்பும் மூளைத்தண்டும் துடிக்கின்றனவா என்று அளப்பது. குழந்தை தூங்க வேண்டும், அதனால் முந்தின இரவு நேரம் கழித்துத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, டெஸ்ட் நேரத்துக்குத் தூக்கம் வரும்படி கூட்டிவரச் சொல்வார்கள். பஸ்ஸில் தூங்கவிட்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு. காட்பாடி வரை கஷ்டப்பட்டு விழித்திருக்க வைத்த குழந்தை, பழைய பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் கண் சொக்கிவிடுவது வழக்கமான சோகம்.

பிறகு சில மாதம் சாதாரண காது மெஷின் போட்டுப் பார்ப்பார்கள். இதை இழுத்தடிப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. துருத்தியைப் பலமாக அழுத்தியே பாட்டு வருமானால் ஆபரேஷன் எதற்கு? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இது. குழந்தை காதில் ஒன்றை மாட்டிக்கொண்டிருக்கப் பழகுவதும் இந்த மாதங்களில்தான்.

சி.டி. ஸ்கேன் எலும்பின் அமைப்பையும் காக்ளியாவின் வடிவத்தையும் காட்டும். எம்.ஆர்.ஐ. செவி நரம்பு இருக்கிறதா என்று காட்டும். நரம்பே இல்லாவிட்டால் கருவி தட்டுவதற்கு ஆள் இல்லை. எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் கூடாது. கொலுசு, வளையல், தோடு, வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். "தாயத்தைக் கழற்ற மாட்டேன்" என்று பாட்டி பிடிவாதம் பிடிப்பார். முதல் நாளே பேசி முடித்துவிடுவது நல்லது, ஸ்கேன் வாசலில் பேசினால் வரிசை நகர்ந்துவிடும்.

இ.சி.ஜி. எடுக்கச் சொன்னால் பலருக்குக் குழப்பம், காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. பிறவிச் செவிக்குறைபாட்டோடு சேர்ந்து வரும் அரிய இதயத்துடிப்புக் கோளாறு ஒன்று உண்டு. அது இருந்தால் மயக்க மருந்தின்போது ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருந்து டாக்டர் அதற்கேற்பத் தயாராக இருப்பார். கண் டாக்டரிடம் அனுப்புவதும் இதே மாதிரிதான், காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கும் நோய்கள் உண்டு.

தடுப்பூசியை யாரும் விட்டுவிடக் கூடாது. கருவி பொருத்தியவர்களுக்கு மூளை உறைக் காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். அதற்கு எதிராக நிமோகாக்கல் தடுப்பூசி போட வேண்டும், ஆபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே. இரண்டு வயதுக்குப் பிறகு இன்னொரு வகை நிமோகாக்கல் ஊசியும் தேவைப்படும். தடுப்பூசி அட்டையை ஃபைலில் முதல் தாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைகளும் இருக்கின்றன. காதில் எண்ணெய் விடுவதை நிறுத்த வேண்டும். காதில் சீழ் வந்தாலோ சளி காய்ச்சல் இருந்தாலோ மறைக்காமல் சொல்ல வேண்டும், தேதியைத் தள்ளிவைப்பார்கள், அது நல்லதற்குத்தான். திருப்பதிக்கோ குலதெய்வத்துக்கோ மொட்டை வேண்டுதல் பாக்கி இருந்தால், ஆபரேஷனுக்கு முந்தின சில நாட்களில் சவரக்கத்தி படக் கூடாது. கீறல் விழுந்த தோலில் தொற்று எளிதாக வரும். நன்றாக முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் காயம் முழுக்க ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சாமி காத்திருக்கும்.

பணம். கருவி மட்டுமே லட்சங்களில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவிக்கு வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் கார்டு கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்திலும் காக்ளியர் கருவி உண்டு. திட்டங்கள் பெரும்பாலும் ஒரு காதுக்குத்தான் தரும். டெஸ்ட்டுகள் முடியும்வரை காத்திராமல், பெரா ரிப்போர்ட் கையில் வந்த அன்றே கார்டு வேலையைத் தொடங்குவது புத்திசாலித்தனம். வயது வரம்பு யாருக்காகவும் நிற்காது.

இன்னொரு பணக் கணக்கை யாரும் போடுவதில்லை: ஆபரேஷனுக்குப் பிந்தைய வருடம். வாரா வாரம் தெரபி, கருவியின் அளவைச் சரிசெய்யும் மேப்பிங் அடிக்கடி, பஸ் செலவு, போகும் நாளின் கூலி இழப்பு. ஜமுனாமரத்தூரிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. யார் கூட்டிவருவது, மற்றக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, வீட்டுக்குப் பக்கத்தில் தெரபி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை. தயாராவது என்று நான் சொல்வது முக்கியமாக இதைத்தான்.

ஆபரேஷன் அன்று

முழு மயக்கத்தில் செய்வார்கள், அதனால் வயிறு காலியாக இருக்க வேண்டும். கெட்டியான சாப்பாட்டுக்கும் புட்டிப் பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. உங்களுக்குச் சொன்ன நேரம் எதுவோ அதுவே சட்டம். அழுகிறதே என்று ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு மறைக்கிற சொந்தக்காரர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், அவரை அன்று வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

காதுக்குப் பின்னால் கீறி, அங்குள்ள எலும்பில் வழி செய்து, முக நரம்புக்கும் நாக்குக்குச் சுவை கொண்டுபோகும் நரம்புக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளி வழியாகக் காக்ளியாவை அடைவார்கள். முக நரம்புக்கு ஆபத்து வராமல் எச்சரிக்க ஒரு மானிட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இழையை உள்ளே செலுத்தியதும், தையல் போடும் முன்பே கம்ப்யூட்டரில் இணைத்து எலக்ட்ரோடுகள் வேலை செய்கின்றனவா, நரம்பு பதில் தருகிறதா என்று சோதிப்பார்கள். மொத்தம் இரண்டு மூன்று மணி நேரம். மூளையைத் திறப்பதில்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், "மூளை ஆபரேஷன்" என்ற பேச்சைக் கேட்டுப் பயந்து பின்வாங்கிய குடும்பங்கள் இருக்கின்றன.

காயம் ஆறும் நாட்கள்

தலையில் பெரிய கட்டோடு வெளியே வரும் குழந்தையைப் பார்க்கத்தான் நமக்குப் பயமாக இருக்கும். அது பெரும்பாலும் மறுநாளோ அதற்கு மறுநாளோ அளவில் சின்னதாகிவிடும். வலி முதல் சில நாட்கள், எழுதிக்கொடுத்த வலி மருந்தில் அடங்கும். தானே கரையாத தையல் என்றால் ஏழு முதல் பத்து நாளில் பிரிப்பார்கள். தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், காதைச் சுற்றி மரத்த உணர்வு, வாயில் உலோகச் சுவை, காதுக்குள் இரைச்சல் இவையெல்லாம் வரக்கூடியவை, பெரும்பாலும் தானே குறையும். பெரியவர்களுக்குச் சுவை மாற்றம் சில வாரம், சில மாதம்கூட நிற்கலாம். சாம்பார் ருசிக்கவில்லை என்று சமைத்தவரைக் குறை சொல்லாதீர்கள்.

டாக்டர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பெரியவர்கள் கனம் தூக்கக் கூடாது. மஞ்சள், விபூதி, எண்ணெய் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். கத்திரி வெயில் நாட்களில் வேலூர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியர்வையில் கட்டு நனைந்தால் அப்படியே விடாமல் போய் மாற்றிக்கொள்ள வேண்டும்.

காதுக்குப் பின்னால் வீக்கம் கூடினாலோ, சீழ் வந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டினாலோ, காய்ச்சலோடு வாந்தியும் கழுத்து விறைப்பும் வந்தாலோ மறுநாள் ஓ.பி. வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், காக்ளியர் கருவி வைத்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

இந்த வாரங்களில் ஆபரேஷன் செய்த காதில் சத்தம் இருக்காது. முன்பு கொஞ்சநஞ்சம் கேட்டிருந்தால் அதுவும் போயிருக்கலாம். காயம் ஆறி, வீக்கம் வடிந்தால்தான் காயில் சரியாக ஒட்டும். அதற்காகத்தான் இடைவெளி. மறுகாதில் காது மெஷின் இருந்தால் அதைத் தொடர்ந்து போடுங்கள்.

ஸ்விட்ச் ஆன், மேப்பிங்

ஆபரேஷன் முடிந்து பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் வெளிப்பாதியை மாட்டி முதல்முறை ஓடவிடுவார்கள். இதுதான் ஸ்விட்ச் ஆன். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவில் குழந்தை அம்மா குரலைக் கேட்டுச் சிரிக்கும். நேரில் பாதிக் குழந்தைகள் அழும், சில குழந்தைகள் சும்மா உறைந்து பார்க்கும், சில பால் குடிப்பதை நிறுத்தும். இதுவரை சத்தமே தெரியாத குழந்தைக்கு இது என்ன என்றே தெரியாது. அழுகை நல்ல செய்திதான், ஏதோ போய்ச் சேர்ந்திருக்கிறது. பெரியவர்களோ, "எல்லோரும் ரோபோ மாதிரிப் பேசுறாங்க" என்பார்கள். சில வாரம், சில மாதத்தில் மூளை பழகப் பழகக் குரல் குரலாகக் கேட்கத் தொடங்கும்.

மேப்பிங் என்பது ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்சாரம் என்று ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், குறிப்பது. மெல்லக் கேட்கத் தொடங்கும் அளவு ஒன்று, தொந்தரவில்லாமல் கேட்கக்கூடிய உச்சம் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கருவி ஓடும். முதல் மாதங்களில் அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அடிக்கடி வரச் சொல்வார்கள். ஆரம்பத்தில் வேண்டுமென்றே குறைத்துத்தான் வைப்பார்கள், "சத்தம் பத்தலை, கூட்டுங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

பேசத் தெரியாத குழந்தையிடம் கேட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த அறையில் ஒரு விளையாட்டு நடக்கும். குழந்தை ஒரு மரக்கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். சத்தம் வந்ததும் டப்பாவில் போட வேண்டும். முதலில் அம்மா கையைப் பிடித்துப் போடவைப்பார். பல தடவை ஆனபின் ஒருநாள் அம்மா கையை எடுத்துவிடுவார். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே உருட்டி, காத்திருக்கும். பிறகு தானாகக் கட்டை விழும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் குழந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டியபின் வீட்டுக்கு வந்து, குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் வெண்டைக்காய்த் துண்டுகளைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

கருவியைக் கழற்றி வீச முயல்வது எல்லாக் குழந்தையும் செய்வது. சட்டைக் காலரில் கிளிப் மாட்டலாம், துணித் தொப்பி தைத்துக்கொடுக்கலாம். விழித்திருக்கும் நேரம் முழுக்கக் கருவி காதில் இருக்க வேண்டும். தினம் எத்தனை மணி நேரம் போட்டிருந்தது என்பது இன்றைய ப்ராசசர்களில் பதிவாகிவிடும். "நாள் பூரா போடுறோம்" என்று நாம் சொல்லும்போது ஆடியாலஜிஸ்ட் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சுருக்கமாக: ஆபரேஷன் நாளில் கருவி உள்ளே போகிறது, ஸ்விட்ச் ஆனில் சத்தம் தொடங்குகிறது, மேப்பிங்கில் சத்தம் சரியாகிறது. பேச்சு இன்னும் வரவில்லை, அது வீட்டில் நடக்க வேண்டிய வேலை.

பேச்சு வீட்டில்தான் வருகிறது

ஏ.வி.டி. என்று தெரபி அறையில் சொல்வது, உதடு பார்த்தோ சைகை பார்த்தோ இல்லாமல் காதால் கேட்டே மொழியைப் பிடிக்கப் பழக்கும் பயிற்சி. வாரத்துக்கு ஒரு மணி நேரம் தெரபிஸ்ட் செய்வது உண்மையில் அம்மா அப்பாவுக்கான வகுப்பு. மீதி நேரம் நம்முடையது.

செய்வது எளிது, விடாமல் செய்வதுதான் கஷ்டம். பொருளைக் காட்டும் முன் பேரைச் சொல்லுங்கள். கருவி இருக்கும் பக்கம், பக்கத்தில் உட்கார்ந்து, கத்தாமல், இயல்பான குரலில் பேசுங்கள். கத்தினால் சொல் சிதையும். டி.வி.யை அணையுங்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், நாம் காத்திருக்கவே மாட்டோம், அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். காக்கா கத்தினால், பால்காரர் ஹாரன் அடித்தால், பக்கெட் விழுந்தால் உங்கள் காதைத் தொட்டு "கேட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, பிறகு கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

எந்த மொழியில் பேசுவது? ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் உருது பேசும் வீடுகள், சித்தூர் எல்லையோரம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. வீட்டில் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். பள்ளிக்கூடத்துக்கு உதவும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" என்று பேசினால், குழந்தைக்கு மொழி கிடைக்காது, கட்டளைகள்தான் கிடைக்கும்.

வயதை இரண்டாகக் கணக்கிடுங்கள். இரண்டு வயதில் ஸ்விட்ச் ஆன் ஆன குழந்தைக்கு மூன்று வயது நிரம்பும்போது, கேட்கும் வயது ஒன்றுதான். ஒரு வயதுக் குழந்தை எவ்வளவு பேசும்? ஒன்றிரண்டு சொல். பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தையோடு ஒப்பிட்டு யாராவது பேசினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கருவியோடு நாள் தள்ளுவது

ஈரமும் வியர்வையும் ப்ராசசருக்கு எதிரி. இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வையுங்கள். கிணற்றிலோ ஏரியிலோ இறங்கும் முன் வெளிப்பாதியைக் கழற்ற வேண்டும், நீர்ப்புகா உறை இருந்தால் மட்டும் விதிவிலக்கு. கோயில் வாசலிலும் ஏர்போர்ட்டிலும் மெட்டல் டிடெக்டர் சத்தம் போடலாம், கருவி அட்டையைக் காட்டினால் போதும். பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தாலோ எந்த ஆபரேஷன் என்றாலும் முன்கூட்டியே கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும். உள்ளே காந்தம் இருக்கிறது, மாடலைப் பொறுத்து எம்.ஆர்.ஐ.க்கு நிபந்தனைகள் மாறும். ஆபரேஷனில் ரத்தம் நிறுத்தப் பயன்படுத்தும் ஒருவகை மின்கருவியைத் தலை, கழுத்துப் பக்கம் பயன்படுத்தக் கூடாது. காதில் சீழோ வலியோ வந்தால் கைவைத்தியம் செய்யாமல் அன்றே காட்டுங்கள்.

தினமும் காலையில் ப்ராசசர் மாட்டியதும் வாயைக் கையால் மறைக்காமல் குழந்தைக்குப் பின்பக்கம் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். டேனியல் லிங் வகுத்த சோதனை இது. தாழ்ந்த சத்தத்திலிருந்து கீச்சு வரை பேச்சுக்கு வேண்டிய எல்லாம் இந்த ஆறில் அடங்கும். நேற்றுவரை திரும்பச் சொன்ன "ஸ்" இன்றைக்குத் தவறினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், பிறகு காயில் ஒயரை மாற்றிப் பாருங்கள், பிறகு மைக் ஓட்டையில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் ஆடியாலஜிஸ்டுக்குப் போன் செய்துவிட்டு, குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்பும்போது டீச்சரிடம் இன்றைக்குச் சரியாகக் கேட்காது, முன்வரிசையில் உட்கார வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.